முள் போட்டு அடைத்த ஏரி

செல்வி, பாபு, உங்க ரெண்டு பேருக்கும்தான் இதை எழுதுறேன். வர்ற காணும் பொங்கலுக்கு ஏரிக்குக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? போன வருஷம் ஆட்டோ கிடைக்காம வந்த மாதிரி பாதி வழியில் உங்களைத் திருப்பி அழைச்சிக்கினு வரக் கூடாதுன்னு, ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். அங்கிருந்து மரக்காணம் சாலையில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ரெண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடி பச்சையா நிக்குது. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி உங்க அம்மாவும் நானும் புளிசோறு கட்டிக்கினு இதே வழியில் வருவோம். கரை முழுக்க சனம் இருக்கும். ஊர்க்காரங்களே மோர் கொண்டாந்து குடுப்பாங்க.

விழுப்புரத்திலிருந்து ஏரி பார்க்க வந்தேன்னு சொன்னதும் ஆட்டோக்காரர் சிரித்தார். "ஏரி பாக்கவா வந்தீங்க? இன்னாங்க, விழுப்புரத்துல தண்ணியே இல்லியா?"

இறங்கிப் பார்த்தால், கரைக்குப் போற வழியைக் கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கொரோனா சமயத்தில் வெளியாள் வரக் கூடாதுன்னு எல்லா ஊரிலும் போட்டதுதான். மற்ற ஊர்க்காரங்க எடுத்துட்டாங்க. இங்கே முள் மக்கினால் புது முள் வெட்டிப் போடுறாங்க.

பக்கத்தில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு ஊர்க்கார அம்மாவிடம் கேட்டேன்.

"பசங்களைக் கூட்டிக்கினு வரலாமாக்கா? ஒரு மணி நேரம்தான்."

"பீச்சு, பார்க்கு எல்லாம் மூடிட்டாங்கன்னு அப்போ டவுன் ஆளுங்க இங்கதான் வந்தாங்க, பைக்கு பைக்கா. பாவம், அடைஞ்சு கெடந்ததுங்கன்னு வுட்டோம். எங்க வூட்டுக்காரருதான் குடம் குடமா தண்ணி கொண்டாந்து ஊத்தினாரு. பத்து நாள்ல மூச்சு வுட முடியாம போயிட்டாரு. மூஞ்சியைக்கூட பாக்க வுடலை. அதுக்கப்புறம் போட்ட முள்ளுதான் இது."

"இப்போ அந்த நோய் இல்லையேக்கா."

"நோய் இல்லீங்க. அவரும் இல்லியே."

அவங்க மாட்டை ஓட்டிக்கினு போயிட்டாங்க. அரசாங்கம் மூடினதை அரசாங்கமே திறந்துடுச்சு. இதை யார் போய்த் திறக்கச் சொல்றது? இந்தப் பொங்கலுக்கு ஏரி இல்லை கண்ணுங்களா. அடுத்த பொங்கலுக்குப் போகலாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை.

திரும்பும்போதுதான் பார்த்தேன். மாடு முட்டின இடத்தில் முள் விலகி, ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி இருந்தது. அந்தப் பக்கம் தண்ணி தெரிஞ்சது. சுத்தி யாருமில்லை. விலகிக் கிடந்த கிளையை இழுத்து, அந்த வழியை அடைச்சுட்டு வந்தேன்.