சடையப்பன் என்கிற ஆனை

ஜெய்புன்னிசா செங்கல்பட்டு நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடங்களாக வக்கீல். இந்தத் தொழிலில் பாதி நேரம் கட்சிக்காரரைத் தேடுவதிலேயே போய்விடும் என்று சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை என்பார். முதலில் டீக்கடை, பிறகு ஜெராக்ஸ் கடை, கடைசியில் கழிப்பறை வாசல்.

சடையப்பனைத் தேட வேண்டியதே இல்லை. சொன்ன பெஞ்சில் அசையாமல் இருப்பார். மாமல்லபுரத்தில் கல் யானை செதுக்குகிறவர். அவருடைய பட்டறை இருக்கும் இடம் தன்னுடையது என்று பக்கத்து ஓட்டல்காரர் வழக்குப் போட்டிருந்தார். சிக்கல் என்னவென்றால், ஊரே அவரை ஆனை என்றுதான் கூப்பிடும். டவாலி வாசலில் நின்று "சடையப்பன்!" என்று மூன்று முறை கூவியும், இரண்டு வாய்தாவில் அவர் எழுந்திருக்கவில்லை.

"எவனோ சடையப்பனாம் மேடம். அவரும் எவ்ளோ நேரம் கூவுவாரு? பொறுப்பத்தவன்!"

"அது நீங்கதான் அண்ணே!"

அடுத்த முறையும் வராவிட்டால் சாட்சியத்தை முடித்துவிடுவேன் என்றார் நீதிபதி. சாட்சியம் இல்லையென்றால் பட்டறை போய்விடும். ஜெய்புன்னிசா தினமும் காலையில் போன் போட்டு "சடையப்பன்!" என்று கத்தினார், "ஆஜர்!" என்று பதில் வரும்வரை விடவில்லை. ஆனை என்று யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்றார். வீட்டில் மனைவி சியாமளாவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சோறு போட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கில் பெயரைச் 'சடையப்பன் என்கிற ஆனை' எனத் திருத்தவும் ஜெய்புன்னிசா மனுப் போட்டிருந்தார். மனு அனுமதிக்கப்பட்டது. அதைச் சடையப்பனிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த வாய்தா அன்று டவாலி நீளமான பெயரைச் சுருக்கிக்கொண்டார்.

"ஆனை! ஆனை! ஆனை!"

சடையப்பன் திரும்பவே இல்லை. வராந்தாவில் இருந்த மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஆனையா? கோர்ட்டுக்கா?"

"கோயில் ஆனையா இருக்கும். இன்னா கேஸோ!"

கூட்டம் வாசலை அடைத்தது. உள்ளே நீதிபதி பேனாவை எடுத்தார். ஜெய்புன்னிசா வாசலைப் பார்த்தபடி, "ஒரு நிமிஷம், ஐயா" என்றார்.

அப்போது தலைகளை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார்.

"கொஞ்சம் தள்ளு நைனா. ஆனைக்குப் பின்னங்கால்ல எத்தினி நகம்னு ஒரு தபா எண்ணிக்கிறேன். பட்டறைல ஒரே தகராறு."

ஜெய்புன்னிசா அவர் சட்டையை எட்டிப் பிடித்தார். "பிரதிவாதி ஆஜர், ஐயா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

கூண்டில் ஏறியதும் பெயரைக் கேட்டார்கள். சடையப்பன் ஜெய்புன்னிசாவைப் பார்த்தார்.

"எதைச் சொல்றது மேடம்?"