ஆட்டிடம் பேசிய பேச்சு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்கள் பேசும் தமிழில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. எங்கள் கொல்லைக் கதவில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. என் அம்மா வளர்த்த ஆட்டின் கழுத்தில் கிடந்தது அது.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். எழுபதுகளில் மூத்த மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஒன்றுக்குப் போகணும் என்று அவள் தெலுங்கில் கேட்டது டீச்சருக்குப் புரியவில்லை. நனைந்த பாவாடையோடு, தெருப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க வீடு வந்து சேர்ந்தாள். இனி இந்த வீட்டில் தமிழ்தான் என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். பாட்டியை அவ்வா என்று கூப்பிட்டது கூட ஆச்சி என்றாயிற்று.

அப்பா போன பிறகு அம்மா தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். வந்த அன்றே சட்டத்தைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் கடைக்குப் போய்வரத்தான் காணும். "ஆட்டோட எதுல பேசணும்? அதுக்கும் பள்ளிக்கூடம் உண்டுமாட்டி?" என்றாள். அவளும் ரோஷக்காரி. அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் "வா", "சாப்பிடு" என்பதோடு சரி. மற்றப் பேச்செல்லாம் கொல்லையில், ஆட்டிடம். "நா தல்லி" என்று அதன் தாடையைத் தடவுவாள். என் தாயே என்று அர்த்தம்; பெண்பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொல். பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எண்பதுகளில் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு நாள் நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், கட்டிலோரம் ஆடு நிற்கிறது. கயிற்றைப் பிடித்தபடி மூத்த மகள்.

"என்னட்டி இது?"

"ஆச்சி என் கையப் பிடிச்சு என்னமோ நெறையச் சொன்னாம்மா. 'நா தல்லி'ங்கது மட்டுந்தான் வெளங்குச்சு. ஆட்டத்தான் கேக்கான்னு அவுத்துட்டு வந்தேன்."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவளைத் தெலுங்கில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

என் பிள்ளை நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்றுதான் செய்தேன். அதைத் தப்பென்று சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை. ஆனால் தமிழைக் கொடுக்க மற்றதைப் பிடுங்கத்தான் வேண்டுமா? ஒரு வாய்க்கு இரண்டு பேச்சு பாரமா? என் மகளிடம் என் அம்மா அன்று என்ன சொன்னாள் என்று கேட்க, அவள் பேச்சைக் கேட்டுப் பழகிய அந்த ஆட்டைத் தவிர ஆள் இல்லை.

இதையும் தமிழில்தான் எழுதினேன். வேறு எழுத்து எனக்குத் தெரியாது. அந்த மகளின் மகள் இப்போதுதான் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மணி ஆடி நின்றது.

"ஏட்டி, இங்கன உக்காந்து இத வாசி, கேப்போம். 'நா தல்லி' வருத எடத்துல மட்டும் தாளப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு."