ராசிங்காபுரம் போன இரண்டு சைக்கிள்கள்

போடிநாயக்கனூரில் வாடகைச் சைக்கிள் எடுக்கக் கையில் காசு இருந்தால் மட்டும் போதாது. நாம் யார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடையில் போய் ஒரு சைக்கிள் வேண்டும் என்றேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தூரு?"

"மாத்தளை."

"அது எங்கிட்டு இருக்கு?"

"சிலோன்ல."

"ஏன், சிலோன்ல சைக்கிள் இல்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டு, டியூபை மறுபடியும் தண்ணீருக்குள் அமுக்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எனக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாத்தளைத் தோட்டத்து லயங்களில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், இன்னும் இருக்கும் என் தோழர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். என்னைப் போலவே தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்கள் சிரிக்க மாட்டார்கள். நான் பிறந்தது மாத்தளை மலையில். என் அப்பா பிறந்ததும் அங்கேதான். தேயிலைக்கு மேலே, காட்டு நிழலில் ஏலக்காய் விளையும் தோட்டம் அது. பிரஜாவுரிமை கேட்டுப் போனபோது கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உன் தாத்தா எங்கே பிறந்தார்?" ராசிங்காபுரம் என்றேன். அதோடு என் விண்ணப்பம் முடிந்தது. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். தாத்தா பிறந்த நாட்டுக்கே போய்விடலாம் என்று கிளம்பி வந்தேன். ஏலக்காய் தெரியும் என்பதால் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை கிடைத்தது. வந்து பார்த்தால் இங்கேயும் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே தாத்தா அந்த மண்ணில் பிறக்காதது குற்றம். இங்கே அவர் இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று சொல்லச் சாட்சி இல்லை.

சைக்கிள் கடையில் நான் விழித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, நம்ம மண்டி ஆளுதான். குடுங்க, நான் பொறுப்பு." எங்கள் மண்டியில் மூட்டை நிறுக்கும் வேலுச்சாமி. என் வயதுதான் இருக்கும். அதுவரை அவனோடு நாலு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டான். "ஊரு சுத்திப் பாக்கணும்னா தனியாப் போகாதே மாப்ளே. நானும் வர்றேன்" என்றான். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் ஏன் தானாக வந்து சேர்ந்துகொண்டான் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அதிலிருந்து மண்டிக்கு விடுமுறை விடும் நாளெல்லாம் இருவரும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். அரண்மனைத் தெரு, ரயில் நிலையம், இலவ மரங்கள் பஞ்சை உதிர்த்து நிற்கும் தோப்புகள், கொட்டகுடி ஆற்றங்கரை. மாத்தளையில் நாங்கள் மலைக்குள்ளேயே வாழ்ந்தோம். ஒரு வளைவு தாண்டினால் அடுத்த வளைவு. எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. இங்கே மேற்கே பார்த்தால் மலை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. வெயில் சீக்கிரமே அதன் பின்னால் போய் விழுந்துவிடுகிறது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏலக்காய் வாசம். கண்ணை மூடிக்கொண்டால் மாத்தளைதான். கண்ணைத் திறந்தால் எதிரே யாராவது என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் மலை மேட்டுக்குப் போகும் பாதையின் அடிவாரம் வரைக்கும் போனோம். மலைக்கு மேலே வேறு ராஜ்யம் என்பதால் அரிசி மேலே போகக்கூடாது. கள்ளத்தனமாக ஏலக்காய் கீழே வரக்கூடாது. செக்போஸ்டில் இருந்தவர் வேலுச்சாமியைக் கண்டுகொள்ளவில்லை. என்னை மட்டும் இறங்கச் சொன்னார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"கையெல்லாம் ஏலக்கா வாசம் அடிக்குதே?"

"நான் மண்டியில வேலை பார்க்கிறேன் ஐயா. வேணுமெண்டா கேட்டுப் பாருங்க."

"வேணுமெண்டாவா? நீ எந்த ஊரு பாஷைடா பேசுற?"

வேலுச்சாமி சிரித்துக்கொண்டே வந்து என்னை மீட்டான். "என் கையும்தான் ஏட்டையா மணக்குது, மோந்து பாருங்க" என்று நீட்டினான். அவர் மோந்து பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரில் என்னைப் பிடிப்பவர்கள் எல்லோரையும் வேலுச்சாமிக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே போவது என்பதையும் எப்போதும் அவனேதான் முடிவு செய்கிறான். அங்கங்கே என்னைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, "ஒரு சோலி இருக்கு, வந்துர்றேன்" என்று எந்தச் சந்துக்குள்ளோ போய்விட்டு வருகிறான். என்ன சோலி என்று அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் கேள்வி கேட்காமல் கவனிக்கத் தெரியும். துரையின் ஆள் யார், சங்கத்தின் ஆள் யார் என்று தெரியாமல் அங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் கப்பலேறி என்னோடு வந்துவிட்டது. நான் வேலுச்சாமியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ராசிங்காபுரம் போகவேண்டும் என்று மட்டும் நானாகக் கேட்டேன். சிலமலையைத் தாண்டியதும் எதிர்க்காற்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளியது. ஊர் நெருங்கும்போது, ரோட்டோரத்துச் சோளக்காட்டில் உழுதுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். தாத்தாவின் ஊரில் நான் பார்த்த முதல் மனிதர். அவரோடு ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது. இறங்கி நின்று, எங்கள் மாத்தளைப் பக்கத்தில் வழிப்போக்கர்கள் பேச்சைத் தொடங்குவது போலவே கேட்டேன்: "ஐயா, இந்தக் காணி யாருக்குச் சொந்தம்?"

அவர் ஏரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பதில் சொல்லாமல் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் வேகமாக நடந்தார்.

"கெடுத்தியே மாப்ளே" என்றான் வேலுச்சாமி. "யாரு நிலம்னு ஒரு புது ஆளு கேட்டா, பங்கு கேக்க வந்திருக்கான்னுதானே அர்த்தம்?"

நாங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் விஷயம் முந்திக்கொண்டு போயிருந்தது. தாத்தா கருப்பணனின் பெயரைச் சொல்லி விசாரித்ததும் ஒரு வீட்டைக் கை காட்டினார்கள். வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நின்றார். பெயர் பெரியசாமி. தாத்தாவின் தம்பி மகன் என்று கை காட்டியவர்கள் சொன்னார்கள். எனக்குச் சித்தப்பா முறை.

"கருப்பணனா? எங்க வகையறாவுல அப்பிடி யாரும் இல்லையே."

"சிலோனுக்குப் போனவரு..."

"எங்க வகையறாவுல சிலோனுக்கு யாருமே போகல."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஏங்க, ஒங்க பெரியய்யா ஒருத்தரு..." என்று தொடங்கினார். இவர் திரும்பிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பெரியசாமி எங்களைத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஒரு காலைத் தூக்கி மறுகால் முழங்காலில் ஊன்றி, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என் அப்பா லயத்து வாசலில் நிற்பது அப்படியேதான். நான் வேலுச்சாமியிடம் அதைச் சொல்லவில்லை. அவனிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற குழப்பம் எனக்குள் முற்றியிருந்தது.

சில நாட்களில் மண்டி முதலாளி கூப்பிட்டனுப்பினார். "ராசிங்காபுரத்துல சொத்துக் கேட்டுப் போனியாமே?" என்றார். "இந்தா பாரு, நீ நல்லா வேலை செய்யுற. ஆனா இங்க கிடக்குற காய் எல்லாம் ஊரான் பொருளு. நீ யாரு, எவருன்னு சொல்ல ஒரு ஆளு இந்த ஊர்ப்பக்கம் வேணும். சீசன் முடியிறதுக்குள்ள யாரையாச்சும் கூட்டியா. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

ராசிங்காபுரத்துக்கு என்னோடு வந்தவன் ஒருவன்தான். அடுத்த விடுமுறை நாளில் குரங்கணிப் பாதையில் ஆற்றுப்பாலத்தருகே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"முதலாளிகிட்ட நீதானே சொன்ன?"

வேலுச்சாமி தன் சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்தான். பிறகு, "நீ எங்க போற, யாரோட பேசுறன்னு பாத்துச் சொல்லச் சொன்னாரு. சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இல்லேங்கல" என்றான்.

"சைக்கிள் கடைக்கு அன்னைக்கு வந்ததும் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறோம் என்ற ஒரு கேவலமான திருப்திதான் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவன் பின்னாலேயே வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"முழுசாக் கேட்டுட்டுப் போ. ராசிங்காபுரத்துச் சங்கதிய நான் சொல்லல. அந்த மனுசன் பெரியசாமியே பஸ்சு ஏறி மண்டிக்கு வந்து, ஒன்னயப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்காரு. யோசிச்சுப் பாரு மாப்ளே. நீ அவுகளுக்கு ஒண்ணும் இல்லேன்னா, போடான்னு விட்டுட்டுத் தன் சோலியப் பாத்திருப்பாருல்ல? இம்புட்டுத் தூரம் அலையிறாருன்னா, நீ அவுக வீட்டு ஆளுதான்னு அவருக்கு நல்லாத் தெரியும்."

அவனை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இந்த யோசனையும் முதலாளி சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம். அடிக்கடி சந்துக்குள் போகும் சோலி என்ன என்றும் அன்று கேட்டேன். கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் வீடு என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. ஆனால் அவன் சொன்ன கணக்கு மட்டும் சரியாக இருந்தது. பயப்படுகிறவருக்குத்தான் என்னைத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்கினால் வழி பிறக்கும்.

மறுபடியும் ராசிங்காபுரம் போனோம். சித்தப்பா வாசலிலேயே மறித்தார். "எனக்குக் காணி வேணாம்" என்றேன். அவர் நம்பவில்லை. "இப்பச் சொல்லுவ. நாளைக்குக் கோர்ட்டுல நிப்ப. காளியாத்தா முன்னால சூடம் அணைப்பியா?"

"அணைக்கிறேன்."

ஊர்க்கோடியில் காளியம்மன் கோயில். எங்கள் பின்னால் தெருவே வந்தது. கல்லின் மேல் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். "சொல்லு" என்றார் சித்தப்பா. "எங்க தாத்தா கருப்பணன் விட்டுட்டுப் போன மண்ணுல எனக்கோ எனக்குப் பின்னால வர்றவங்களுக்கோ ஒரு பாத்தியமும் இல்ல" என்று சொல்லி, உள்ளங்கையால் நெருப்பை அழுத்தினேன். அதுவரை எனக்கு அந்த நிலத்தின் மேல் ஆசையே இருந்ததில்லை. கைவிடும் அந்த நொடியில்தான் அப்படி ஒன்று எனக்கு இருந்தது என்றே தெரிந்தது.

கையை எடுப்பதற்குள் சித்தப்பா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கொப்புளத்தைப் பார்த்தார். "ஏ புள்ள, வெண்ணெய் கொண்டா, வெரசா!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எங்கண்ணன் மகன்யா. சிலோன்ல இருந்து வந்திருக்கான்" என்றார். உழவு மாட்டை விட்டுவிட்டுப் போன அதே மனிதர்கூட வந்து என் தோளைத் தொட்டார். சின்னம்மா அன்று கோழி அடித்தார். என் அப்பாவின் பெயரைக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வேலுச்சாமி என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டான்.

சித்தப்பா மண்டிக்கு வந்து, "நம்ம பயதான்" என்று முதலாளியிடம் சொன்னார். வேலை நிலைத்தது. சந்துக்குள் இருந்த பெண் உண்மைதான். வேலுச்சாமியின் கல்யாணத்துக்கு நான்தான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். இன்றும் சேர்ந்துதான் சுற்றுகிறோம். நான் பேசியதை அவன் இன்னும் முதலாளியிடம் சொல்கிறானா என்று எனக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

போன வாரம் ராசிங்காபுரம் போயிருந்தேன். தாத்தாவின் நிலத்தைக் காட்டுகிறேன் வா என்று சித்தப்பாவே அழைத்துப் போனார். இரு பக்கமும் சோளம் முளைவிட்டிருந்தது. வரப்பில் சைக்கிளை உருட்ட இடமில்லை என்று தோளில் தூக்கிக்கொண்டேன். "பாத்து வாப்பு, பயிர மிதிச்சிராத" என்றார். கிணற்றருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் பேச்சு சட்டென்று நின்றது. உடனே நடக்கத் தொடங்கினேன். சித்தப்பா பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் பாதம் எங்கே படுகிறது என்பதை மட்டுமே அவர் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.