நெத்திலிக்குள் வைத்த மாத்திரை

என் தங்கை குலிஸார் நெத்திலி சுத்தம் செய்வதை, கருங்கடல் ஓரத்து ட்ராப்ஸோன் மீன் சந்தையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. கத்தியைத் தொடமாட்டாள். கட்டைவிரலை ஒரு முறை ஓட்டினால் தலை, குடல், முள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். கணவன் இறந்தபின் யாரிடமும் போய் நிற்காமல் அந்தக் கைகளால்தான் வீட்டை நடத்துகிறாள். அண்ணன் என்பதால் சொல்லவில்லை, எங்கள் கரையில் அப்படி ஒரு கை வேறு இல்லை.

அந்த வீட்டில் அவளுக்குத் துணை ஸெய்தின் என்ற கறுப்புப் பூனை. குளிர்காலத் தொடக்கத்தில் அதன் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது.

“குணமாகாதும்மா,” என்றார் விலங்கு மருத்துவர். “சாப்பிடற வரைக்கும் ஓரளவு நல்லா இருப்பான். சாப்பாட்டை வெதுவெதுன்னு வைங்க, வாசனை வரணும். திணிக்காதீங்க. ரொம்பப் பிடிச்சதுல மட்டும் மருந்தை வைக்காதீங்க. ஒரு தடவை கசந்தா அப்புறம் அதைத் தொடவே மாட்டான்.”

குலிஸார் கோழியை வேகவைத்து மசித்தாள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் தொட்டுப் பார்த்த பிறகே வைப்பாள்.

“உன் பூனைக்கு நடக்கிற உபசாரம் என் மாமியாருக்குக்கூட நடக்கலியே,” என்றான் பக்கத்துக் கடை இத்ரீஸ்.

“உங்க மாமியார் வாயத் தொறந்து திட்டுறாங்க. இவன் சொல்ல மாட்டேங்கிறானே, இத்ரீஸ் அண்ணா.”

மாத்திரையை மட்டும் ஸெய்தின் ஒவ்வொரு முறையும் துப்பியது. கடைசியில் அவள் ஒரு நெத்திலியைப் பிளந்து மாத்திரையை உள்ளே வைத்தாள்.

“டாக்டரம்மா வேணாம்னாங்களே?” என்றேன்.

“அவங்க வெளியூரு அண்ணா. நம்ம ரொட்டிக்குள்ளயே நெத்திலி வச்சுச் சுடுறோம். இந்த ஊர்ல பொறந்த எந்த வாய் நெத்திலிய வேணாம்னு சொல்லியிருக்கு?”

ஸெய்தின் ஆசையாகக் கடித்தது. வாயில் நுரை தள்ளியது, கக்கியது. அதோடு நெத்திலி போயிற்று. நெத்திலி மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. வருஷக்கணக்காக அந்த மீனில் ஊறிய கை அவளுடையது. கோழியோ ஈரலோ, அவள் கை நீட்டினாலே ஸெய்தின் நாக்கைச் சுழற்றிக்கொண்டு அலமாரிக்கு அடியில் போனது.

கையிலிருந்து மீன் வாசனை போகட்டும் என்று, நெத்திலி குவிகிற பருவத்தில் அவள் வேலைக்குப் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சை தேய்த்தாள். அந்த வாசனைக்குப் பூனை இன்னும் பின்வாங்கியது. தோல் வெடித்ததுதான் மிச்சம்.

இப்போது நான்தான் ஊட்டுகிறேன். சமைப்பதும் சூடு பார்த்துச் சொல்வதும் அவள். என் விரலில் கோழிச் சாற்றைத் தொட்டு நீட்டுவேன். சில சமயம் நக்கும், பல சமயம் இல்லை. தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கையில் படுகிறது. இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

குலிஸார் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

“சாப்பிட்டானா?”

“கொஞ்சம் நக்கினான்.”

“கிட்ட வரட்டுமா அண்ணா?”

“வேணாம்மா. அங்கயே நில்லு.”