செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

திண்டிவனத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஒரு ஸ்டூடியோவில் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். உப்பு பூத்த கேமராப் பை, வெயிலில் கறுத்த கழுத்து. கடற்கரைகளைப் படம் எடுப்பவர் என்றார் கடைக்காரர். பிரிண்ட் போட்ட படங்களை அவர் சாதாரணமாகத்தான் புரட்டினார். ஒரு படம் வந்தபோது மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அதைக் கையில் எடுத்தார்.

எட்டிப் பார்த்தேன். வெறும் கடல்.

“இதுக்கு எதுக்குங்க செருப்பைக் கழட்டுறீங்க?”

“எங்க வூடு சார் இது. மரக்காணத்துக்கு இந்தாண்ட. கடல் எடுத்துக்கினு போயி நாலு வருசம் ஆவுது. நானும் மாசாமாசம் போயி எடுத்துக்கினுதான் இருக்கேன்.”

“தண்ணிதானே தெரியுது?”

“நடுவுல பாருங்க.”

படம் முழுக்க அலை நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும், ஓர் அறை அளவுக்கு, நாலு மூலையும் கூராக, தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது.

“அதான் கூடம்,” என்று படத்தை என் பக்கம் நகர்த்தினார். “உள்ள வாங்க சார்.”

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது பாதத்தில் தரை சில்லென்றது. என் செருப்பு அவர் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.