மீன் தொட்டிக்கு விளக்கு தேடிய பலராமன்

ஆரணி கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த எனக்கு முன்கோபம் உண்டு. ஊரே ஒத்துக்கொள்ளும். அந்தக் கோபத்தை அதிகம் கிளறியவன் பலராமன். மூன்றே மாதத்தில் ஏழு தரம் பல்பு மாற்ற வந்தான், அதுவும் மீன் தொட்டிக்கு! பாதி வீடுகளில் ராத்திரிச் சோற்றுக்கே சிம்னி விளக்குதான் எரிந்த காலம். எழுபத்தெட்டாம் வருஷம்.

பலராமன் பட்டு நெசவாளி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். சேலைக் கரையில் ஓர் இழை தப்பினாலும் நாலு விரற்கடை பிரித்துவிட்டு மறுபடி நெய்கிற பிறவி. அவன் மனைவி சாவித்திரி, பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, புத்தூர் கட்டுப் போட்டு, ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடக்கலாம் என்று சொல்லியாயிற்று. அவளோ காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்றாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

கட்டில் கிடந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் கண்ணுக்கு ஏதாவது இருக்கட்டும் என்று பலராமன் மெட்ராஸ் போய் ஒரு கண்ணாடித் தொட்டி, எட்டு கப்பி மீன், ரிப்பன் மாதிரி நீள இலை விடும் தண்ணீர்ச் செடி ஒரு கொத்து, எல்லாம் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். மீன் பிழைத்தது. செடி பத்தே நாளில் அழுகியது. இரண்டாம் கொத்து வாங்கிவந்து நட்டபோது சாவித்திரி சொன்னாளாம்: "இது ஒரு புது இல உடட்டும். அன்னிக்கி நான் எழுந்து நிக்கறேன்."

கிண்டலாகச் சொன்னாளோ நிஜமாகவே சொன்னாளோ, அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"ஏம்பா, செடிக்கு எந்த லைட்டு நல்லது?"

"பல்பு விக்கறவன செடியப் பத்திக் கேட்டா? பேஜார் பண்ணாத, போய் தறிய பாரு."

போகவில்லை. முதலில் நீல ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கினான். மீன் அழகாகத் தெரிந்தது, செடி அசையவில்லை. அடுத்து அறுபது வாட்ஸ் பல்பைத் தண்ணீருக்கு மேலேயே தொங்கவிட்டான். தொட்டி வெந்நீர் அண்டாவாகி இரண்டு மீன் மிதந்தன. பிறகு நாற்பது வாட்ஸ், முழ உயரத்தில். அப்போதுதான் இலை வெளுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கண்டுபுடிச்சிட்டேன்! லைட்டு சாயத்த திங்குது!"

பட்டுக்காரன் புத்தி அது. சாயம் தோய்த்த நூலை வெயிலில் காயப்போட மாட்டார்கள். வெளிச்சம் பட்ட மடிப்பு வெளுத்துப்போகும் என்று சேலையைத் துணி சுற்றித்தான் வைப்பார்கள். அதேபோல் தொட்டிமேல் பழைய வேட்டியைப் போர்த்தினான். இலை இன்னும் வெளுத்தது. வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டான். எனக்கும் அவன் சொன்னது நியாயமாகப் பட்டு மண்டையை ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னையே ஓர் அறை அறையத் தோன்றுகிறது.

இரண்டாம் கொத்து போய், மூன்றாவது வாங்கிவந்து நட்டு, அதுவும் வெளுத்தபோது கடைக்கு வந்து, லைட்டே வேண்டாம், வந்து ஒயரைக் கழற்றிவிடு என்றான். சனியன் விட்டது என்று ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். நான் முக்காலிமேல் ஏறிக்கொண்டிருக்க, அவன் தொட்டிக்கு இன்னொரு துணி போர்த்தினான்.

"இந்த வாட்டி புடிச்சிக்கும் சாவித்திரி. நான் உட மாட்டேன்."

அவ்வளவுதான், அவள் கத்திவிட்டாள். "ஐயோ, போதுங்க! அது பட்டு இல்ல, பயிரு! எங்க ஊரு முள்ளிப்பட்டுல மரத்து நிழல்ல உட்ட நாத்து இப்டிதான் வெளுத்துப் போவும். லைட்டு இல்லாமதான் அது சாவுது. நல்லா பளிச்சினு ஒண்ணு போடுங்க!"

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சிகினேவா மூணு மாசமா வாய மூடிகினு இருந்த? இந்த மனுசன் நாயா அலஞ்சாரே!"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல உட்டா நான் எழுந்துக்கணுமே அண்ணே. பயமா இருந்துச்சி. அன்னிக்கி விழுந்துட்டு எவ்ளோ நேரம் கூப்ட்டேன் தெரியுமா? இவரு தறியில இருந்தாரு. அந்த சத்தத்துல என் குரல் கேக்கவே இல்ல. மறுபடி விழுந்தாலும் அப்டிதான?"

பலராமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீங்க நிம்மதியா தறியில உக்காருவீங்களா? சோத்துக்கு என்னா பண்றது?"

நான் ஒயரைத் தொடாமல் முக்காலியை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டடி டியூப் லைட்டைத் தொட்டிக்கு மேல் குறுக்காகப் பொருத்தினேன். டியூப் சுடாது, அதனால் தண்ணீருக்குக் கிட்டத்திலேயே வைக்கலாம். வெளிச்சமும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சீராக விழும். பல்பு விற்கிற எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். காலையில் போட்டால் பொழுது சாய்ந்துதான் அணைப்பான். வோல்டேஜ் இறங்கி டியூப் மினுக்கினால், "ஜல்தி வாப்பா" என்று கடைக்கு ஓடிவருவான். நானும் முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

பத்தொன்பதாம் நாள் அடியிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு இலை வந்தது. பலராமன் பார்த்தான். அவளும் பார்த்தாள். பகல் முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். சாயங்காலம் அவளாகவே, "ஏங்க, என் கைய புடிங்க" என்றாளாம்.

அதற்கப்புறம் ஒரு தரம் டியூபுக்கு ஸ்டார்ட்டர் மாற்ற அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வேலை கொடுக்கும் முதலாளி சுப்பராயலு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது, பட்டப்பகலில் தறியை நிறுத்திவிட்டு இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கு ஆத்திரம். பலராமன் தறிக் குழியில் கால் தொங்கப் போட்டபடி, பின்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு சொன்னான்:

"அவ நடந்துகினு இருக்கா மொதலாளி. உள்ள வரட்டும், நெய்யறேன்."