அடுத்த வீட்டுக்குக் கேட்ட ஜெபம்

நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தாராவியில் இருந்த காலத்தில் இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். பெருமைப்பட வேறு என்ன இருந்தது? குரல் மட்டும் கணீரென்று இருக்கும். ஜெபம்பண்ண ஆரம்பித்தால் அரைமணி நேரம் தங்குதடை இல்லாமல் வரும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடும் வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில்தான் நடக்கும், நடத்துகிறவளும் நான்தான்.

அந்த ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு. யாருக்கு என்ன குறை என்று பெண்கள் முதலில் சொல்லிவிடுவார்கள். நடத்துகிறவள் கண்ணை மூடிக்கொண்டு அதை ஆண்டவரிடம் திரும்பச் சொல்ல வேண்டும். "நீர் அறிவீர்" என்று ஆரம்பித்து, அவர் அறிந்ததை எல்லாம் அவருக்கே விலாவாரியாக எடுத்துச் சொல்வோம். யார் புருஷன் குடிக்கிறான், யார் மகன் வேலைக்குப் போகாமல் தாதர் ஸ்டேஷனில் சுற்றுகிறான் என்பதெல்லாம் எங்கள் சந்தில் பாதி இப்படித்தான் பரவியது. கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் அது புறணி, பாவம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, இருபது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அடுத்த வீட்டில் காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நடுவில் சுவர் என்று இருந்தது ஒரு தகரம்தான். அந்த வீட்டு மனுஷர் தோல்பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மனைவி என்னைவிட எட்டு வயது மூத்தவள். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். நானும் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்களுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது.

நான் சொல்லப்போகிற காரியத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. லாத்தா அலறிய சத்தத்தில் நான் ஓடினேன். கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வாயைத் துடைத்து, டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நாங்கள் இரண்டு பேர்தான். லாத்தாவுக்கு இந்தி சரியாக வராது என்பதால் டாக்டர் சொன்னதை நான்தான் கேட்டுக்கொண்டேன். தினமும் மாத்திரை தவறக்கூடாது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை, கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்றார். திரும்பும்போது லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்மா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒருமுறைகூட வரவில்லை. நானும் மூச்சு விடவில்லை. என் வாய்க்கு அது சாதாரணக் காரியமில்லை.

பிறகு ஊரில் மதத்தின் பேரால் வெட்டுக்குத்து நடந்த வருஷம் வந்தது. ஊரடங்கு நாட்களில் லாத்தா வீட்டு அரிசியை நாங்களும், எங்கள் வீட்டு மண்ணெண்ணெயை அவர்களும் வாங்கிக்கொண்டோம். கலவரம் ஓய்ந்த பிறகுதான் கெடுதல் ஆரம்பித்தது. எங்க ஆளுங்க, உங்க ஆளுங்க என்ற பேச்சு குழாயடிவரை வந்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் யார் குடம் முந்தி என்று தகராறு. நான் லாத்தாவின் குடத்தைக் காலால் தள்ளினேன். "மூணு சாமி கும்பிடுதவளுக்கு முறை எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நாங்கள் கும்பிடுவதைத்தான் அப்படிக் குத்தினாள். நான் பதிலுக்கு அவர்களுடைய நபியைப் பற்றி ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன். லாத்தா வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் அடுத்து ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், இந்த நாற்பது நாளும் ஆளுக்கு ஒரு சத்துருவைத் தெரிந்தெடுத்துத் தினமும் அவர்களுக்காக ஜெபம்பண்ண வேண்டும் என்றார். சத்துருவை நேசிக்காதவன் எவ்வளவு உபவாசம் இருந்தும் பிரயோஜனமில்லை என்றார். மற்றவர்கள் யாரைத் தெரிந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டு போனார்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தேன். எனக்குத்தான் சத்துரு அடுத்த வீட்டிலேயே இருந்தாளே.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தகரத்தைப் பார்த்து முழங்கால் போட்டேன். அந்த வீட்டின் பெருமையை உடையும், கல்லான இருதயத்தைக் கரையப்பண்ணும் என்று கேட்டேன். ஒரு வாரம் போனதும், "அந்த வீட்டில் மறைத்து வைத்திருக்கிற நோயை நீர் அறிவீர்" என்றும் சேர்த்துக்கொண்டேன். தகரத்துக்கு அந்தப்பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் அந்த இடத்தில் நின்றுபோகும். அது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள், "ஏளா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கொஞ்சம் மெதுவாப் பண்ணு" என்றார். ஜெபத்தைத் தடுக்கிற ஆவி உங்களுக்குள் இருக்கிறது என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை. அடுத்த வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்புகள். நெய்ச்சோற்று வாசனை. உள்ளே ஒரு பெரிய மனுஷி காயல் பேச்சில், "பிள்ளையை இங்கெ வரச் சொல்லுங்களேன்" என்பது கேட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். செம்பூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் பையன் என்று ஏற்கனவே காதில் விழுந்திருந்தது.

மணி ஏழாகியிருந்தது. அன்று ஒரு நாள் எட்டு மணிக்கு ஜெபம்பண்ணினால் ஆண்டவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். நான் முழங்கால் போட்டு, என்றைக்கும் இல்லாத குரலில், "கர்த்தாவே, அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையைப் பிடித்துக் கீழே தள்ளுகிற வலிப்பை நீர் அறிவீர். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நீர் அறிவீர். மறைத்துக் கல்யாணம்பண்ணுகிற பாவத்துக்கு அந்தத் தாயை விலக்கிக் காரும்" என்றேன். அந்தப்பக்கம் யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் செருப்புகள் போய்விட்டன. வந்திருந்தது யார் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபோது லாத்தா என் வாசலில் நின்றாள். நான் சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அவங்க வேண்டாம்னு சொல்லலை. விசாரிச்சுச் சொல்லுதோம்னு போயிருக்காவ. பேசி முடிக்குமுன்னே பையனோட உம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லணும்னுதான் இருந்தேன். இனிமே நான் சொன்னா நம்ப மாட்டாவ. டாக்டர் சொன்னதை உன் காதால கேட்டவ நீ. செம்பூருக்கு எங்கூட வந்து அதை மட்டும் சொல்லும்மா. இன்னைக்கே போயிருவோம்."

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எனக்கு வந்தது இரக்கமில்லை. கிடைத்தது பிடி என்ற நினைப்புதான்.

"குழாயடியில எங்க தேவனைப் பேசினீங்களே, அது?" என்றேன்.

"தப்புதான். வாயில வந்துட்டு."

"எங்கிட்ட சொன்னாப் போதாது லாத்தா. வியாழக்கிழமை ஜெபத்துக்கு எல்லாரும் வருவாவ. அவங்க முன்னால வந்து சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நான் வாரேன்."

"போயிட்டு வந்து சொல்லுதேன்மா. சத்தியமாச் சொல்லுதேன்."

"வியாழக்கிழமை" என்றேன்.

நான் அவர்களுடைய நபியைப் பேசியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை முடிந்து ஒருவேளை மனசு இறங்கியிருக்கும். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வந்தாள். செருப்பை வெளியே விட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். உள்ளே பதினோரு பெண்கள். "நான் அன்னைக்குப் பேசினது தப்பு. உங்க ஏசுவை ஈசா நபின்னு நாங்களும் மதிக்கக்கூடியவங்கதான். உங்க மனசு நோகப் பேசிட்டேன், மாப்பு செய்யுங்க" என்றாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அத்தனை பெண்களும் சத்தமிட்டார்கள். ஒருத்தி ஜெயப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். நான் கைதட்டிப் பாடினேன். பாட்டின் நடுவில் போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, கடைசிச் சரணம்வரை லாத்தா அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். செம்பூரில் பையனின் தாயார் எங்களை உட்காரவைத்துச் சர்பத் கொடுத்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு வருஷமாக வரவில்லை என்பதையும், டாக்டர் சொன்னதையும், நான் கோபத்தில் அப்படிச் செய்தேன் என்பதையும்கூடச் சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு லாத்தாவைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க கொழுந்தன் மகளுக்கும் இது இருந்து மாறினதுதான். எனக்கு ஒண்ணும் பயமில்லை. ஆனா நாலு நாள் பாத்தோம், உங்ககிட்டேருந்து ஒரு பேச்சும் இல்லை. மறைக்கிற இடம்னு வீட்டு ஆம்பிளைங்க சொல்லிட்டாங்க. புதன்கிழமை குர்லாவில ஒரு இடத்துக்கு வாக்குக் கொடுத்துட்டோம். ஞாயித்துக்கிழமையே வந்திருக்கப்படாதா?"

லாத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை இருந்தது, வர முடியாமல் போச்சு என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் என் டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். "லாத்தா, மன்னிச்சிருங்க" என்றேன். "இப்ப ஒண்ணும் பேசாதம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். தாராவி வரும்வரை அதற்காகக் காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் முழங்கால் போட முடியவில்லை. ஆனாலும் ஈஸ்டர் அன்று, நாற்பது நாளும் சத்துருவுக்காக ஜெபம்பண்ணினவர்கள் கை உயர்த்துங்கள் என்று போதகர் சொன்னபோது, பக்கத்துப் பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

சந்து முழுவதும் செய்தி பரவிவிட்டது. இனி இங்கே இருந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று அவர்கள் டோம்பிவிலியில் வீடு பார்த்துக்கொண்டு, ரம்ஜானுக்கு முன்னால் காலி செய்தார்கள். டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் தனியாக என் வீட்டுக்குள் வந்தாள்.

"மாமி, உம்மாவுக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"நீங்க ஜெபம்பண்ணும்போது உம்மா காதைப் பொத்திக்குவா. நான் தகரத்துக்கிட்ட வந்து உக்காந்து கேப்பேன். எனக்கு அது இருக்குன்னு தினம் சொல்லுவீங்க. சொகமாக்கணும்னு இன்னைக்குக் கேப்பாங்க, நாளைக்குக் கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நான் இல்லாத நேரம் என்னைக்காவது கேட்டீங்களா மாமி?"

நான் யோசித்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எத்தனை நாள், எத்தனை அரைமணி நேரம் அந்தத் தகரத்தின் முன்னால் பேசியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"இல்லம்மா. ஒரு நாளும் கேக்கலை" என்றேன்.

"சரி மாமி" என்று சொல்லிவிட்டுப் போய் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.